கொடியும் பீப்பாயும் குடும்பமும்

முன்னுரை

மதுவைப் பற்றிய கட்டுரை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஏற்புடையதாகுமா என்று சிலர் ஐயுறக்கூடும். தோட்டப்புறத்துக் கள்ளுக்கடைகள் எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்தன என்பதை அறிந்த மலேசியத் தமிழர்க்கு அத்தகைய ஐயம் எழுவது இயல்பே. எனினும் ஒன்றைப் பருகுவது வேறு. அதன் வரலாற்றை அறிவது வேறு. மதுவின் தரம் காண்பதையே தொழிலாகக் கொண்ட வல்லுநர்கள் அதனை வாயிலிட்டுச் சுவைத்தபின் உமிழ்ந்துவிடுகின்றனர். அவர்கள் நாடுவது மயக்கத்தையன்று. வேறுபாட்டை அறியும் தெளிவையே ஆகும்.

வைன் என வழங்கும் திராட்சை மது வகைகளுள் ஷார்டனே என்பது உலகெங்கும் பெயர்பெற்ற வெள்ளை வகை. பொன்னிறமும் வெண்ணெய் போன்ற கொழுமையும் ஓக் மரத்தின் மணமும் கொண்ட கலிபோர்னிய ஷார்டனேயை ஒருவர் சுவைக்கும்போது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வரலாறு அவர் நாவைத் தொடுகின்றது எனலாம். துறவிகளும் உழவரும் தச்சரும் அறிவியலாரும் நாடு பெயர்ந்த ஏழைகளும் சேர்ந்து எழுதிய வரலாறு அது. பிறப்பினாலும் ஊர்ப் பெயரினாலும் மட்டும் ஒன்றின் பெருமை அமைவதில்லை. உழைப்பினாலும் பொறுமையினாலுமே அமைகின்றது என்பதை அவ்வரலாறு உணர்த்துகின்றது.

ஷார்டனேயின் பிறப்பு

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள பர்கண்டி மாநிலமே ஷார்டனேயின் தாயகமாகும். அங்கு 1098ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சீத்தோ மடத்தின் துறவிகள் திராட்சை வளர்ப்பை ஒரு தவமாகவே மேற்கொண்டனர். எந்தச் சரிவில் எந்தக் கொடி செழிக்கும், எந்தத் துண்டு நிலம் எத்தகைய சுவையைத் தரும் என்பனவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து எல்லை வகுத்தனர். 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் மடங்களின் நிலங்கள் பறிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. பின்னர் வந்த நெப்போலியன் காலச் சட்டம் பிள்ளைகள் அனைவர்க்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று விதித்தமையால், அந்நிலங்கள் மேலும் மேலும் துண்டாயின. சில வரிசைக் கொடிகளை மட்டும் உடைய சிறு குடும்பங்கள் பர்கண்டியில் பெருகியதற்கு இதுவே காரணமாகும்.

பர்கண்டியின் மொன்ராஷே, மெர்சோ போன்ற பெயர்கள் மன்னர் அவைகளிலும் செல்வர் இல்லங்களிலும் மதிப்புடன் வழங்கின. எனவே ஷார்டனே தூய உயர்குலத்துக் கொடி என்றே பலரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை 1999ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்று மாற்றியது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து அறிஞர்களும் பிரெஞ்சு அறிஞர்களும் இணைந்து நடத்திய அவ்வாய்வு, ஷார்டனேயின் பெற்றோரைக் கண்டறிந்தது. பெற்றோருள் ஒன்று பினோ என்னும் புகழ்பெற்ற திராட்சை. மற்றொன்றோ கூவே பிளாங்க் என்னும் எளிய கொடி. ஏழை உழவர்கள் தம் தேவைக்கு வளர்த்தது. சுவையற்றது என்று இகழப்பட்டது. பல இடங்களில் நடுவதற்கே தடை விதிக்கப்பட்டது. இகழப்பட்ட தாவரம் ஒன்றின் பிள்ளையே அரசர் விருந்தில் அமர்ந்திருந்தது. குலப்பெருமை பேசுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மண்சாடியும் மரப்பீப்பாயும்

பண்டைய கிரேக்கரும் உரோமரும் மதுவை மண்சாடிகளில் அடைத்தே கடல் கடந்து அனுப்பினர். யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் அத்தகைய சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. தமிழ்க் கரையை அடைந்த மது மண்ணில் உறைந்து வந்த மதுவாகும்.

மரப்பீப்பாயோ வடக்கே வாழ்ந்த கால் இனத்தாரின் கைவண்ணம். உடையாதது, உருட்டிச் செல்ல எளியது, ஆதலின் உரோமரும் நாளடைவில் அதனை ஏற்றனர். தொடக்கத்தில் பீப்பாய் வெறும் சுமைகலமாகவே இருந்தது. ஆனால் மண்பானைத் தண்ணீருக்குத் தனிச்சுவை உண்டென்பதை நம்மவர் அறிந்திருப்பதைப் போல, ஓக் மரக் கலத்தில் கிடந்த மதுவுக்கும் தனிச்சுவை உண்டென்பதை ஐரோப்பியர் உணர்ந்தனர்.

பிரான்சின் ஓக் காடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், போர்க்கப்பல் கட்டுவதற்கு மரம் குறையலாகாது என்று கருதி, 1669ஆம் ஆண்டு காட்டுச் சட்டம் ஒன்றை இயற்றினார். துரோன்சே போன்ற காடுகள் அந்நோக்கத்துடன் பேணப்பட்டன. ஓக் மரம் முற்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும். மரங்கள் முற்றியபோது கப்பல்கள் இரும்பால் செய்யப்படலாயின. போருக்கென்று பேணிய காடு பீப்பாய்த் தச்சனுக்குப் பயன்பட்டது.

பீப்பாய் செய்யும் முறை பொறுமையைக் கோருவது. மரம் அறுக்கப்படுவதில்லை, இழையோட்டத்தை ஒட்டிப் பிளக்கப்படுகின்றது. பிளந்த பலகைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் வெட்டவெளியில் அடுக்கப்பட்டு, மழையிலும் வெயிலிலும் கிடந்து கடுந்துவர்ப்பு நீங்கப் பெறுகின்றன. பின்னர்த் தச்சர் அவற்றை வட்டமாக நிறுத்தி, நடுவே தீ மூட்டி, வெப்பத்தால் வளைத்து, இரும்பு வளையங்களால் இறுக்குகின்றனர். பசையோ ஆணியோ இன்றிப் பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. பர்கண்டிப் பீப்பாய் ஒன்று 228 லிட்டர் கொள்ளும்.

சுவையின் கூறுகள்

ஓக் மணம் கமழும் ஷார்டனேயைச் சுவைப்போர் முதலில் நிறத்தை நோக்குவர். பீப்பாயில் முதிர்ந்தது வைக்கோல் நிறத்திலிருந்து பொன்னிறத்தை நோக்கிச் செல்லும். அடுத்து மணம். ஆப்பிள், பேரிக்காய் ஆகியவற்றின் மணம் பழத்திலிருந்து வருவது. வெயில் மிகுந்த நிலத்தில் விளைந்ததாயின் அன்னாசியின் மணமும் தோன்றும். வெனிலா மணமும் வறுத்த ரொட்டியின் மணமும் பழத்தில் இல்லாதவை. தீயில் வாட்டிய ஓக் பலகையில் வெனிலின் என்னும் பொருள் உண்டு. வெனிலாக் காயிலுள்ளதும் அதே பொருளே. தச்சர் எவ்வளவு நேரம் தீ மூட்டினார் என்பதைச் சுவைஞரின் மூக்கு அறிந்துகொள்கின்றது.

வாயில் தோன்றும் வெண்ணெய்ச் சுவைக்குக் காரணம் வேறு. சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக மாற்றியபின், ஒருவகை நுண்ணுயிர் தன் பணியைத் தொடங்குகின்றது. ஆப்பிளின் கூர்மையான புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தை, அது பாலில் காணப்படும் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றது. அவ்வேளையில் டைஅசிட்டைல் என்னும் பொருள் பிறக்கின்றது. வெண்ணெய்க்கு மணம் தருவதும் அதுவே. பணி முடித்த ஈஸ்ட் மண்டியாகப் பீப்பாயின் அடியில் தங்கும். அதனை அவ்வப்போது கோலால் கலக்கிவிடுவதால் மதுவுக்குக் கொழுமை கூடுகின்றது.

தமிழர் வகுத்த அறுசுவையுள் புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு ஆகிய மூன்றும் இங்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன எனலாம். புளிப்பு பழத்தினுடையது; இனிமைத் தோற்றம் வெனிலாவினுடையது; நாவின் ஓரத்தில் பாக்கு மென்றாற்போல் மெல்லத் தோன்றும் துவர்ப்பு ஓக் மரத்தினுடையது. இவற்றுள் ஒன்று மிகின் மற்றவை மறையும். எனவே கலத்தின் சுவை பழத்தின் சுவையை விழுங்கிவிடாமல் காப்பதே இக்கலையின் அரிய பகுதியாகும்.

வென்டி குடும்பத்தின் கொடி

செருமனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ல் வென்டி, 1883ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லிவர்மோர் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 50 ஏக்கர் நிலத்துடன் திராட்சைத் தொழிலைத் தொடங்கினார். அவர் மகன் எர்னஸ்ட் வென்டி வேளாண்மை பயின்றவர். மகனின் வற்புறுத்தலின் பேரில், 1912ஆம் ஆண்டு பிரான்சின் மோன்பெலியே நகரிலிருந்து ஷார்டனேயின் கொடித் தண்டுகள் வரவழைக்கப்பட்டன.

மோன்பெலியே என்ற பெயர் நினைவிற்குரியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிலாக்செரா என்னும் நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குள் புகுந்து திராட்சையின் வேர்களை அழித்தது. 1868ஆம் ஆண்டு அதனை இனங்கண்டவர்களுள் ஒருவர் மோன்பெலியே நகரத்துப் பேராசிரியர் பிளாங்ஷோன் ஆவார். அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே தீர்வாயிற்று. நோயும் அமெரிக்காவிலிருந்து வந்தது. மருந்தும் அங்கிருந்தே வந்தது. பிரான்சின் புகழ்பெற்ற தோட்டங்களுள் பெரும்பாலானவை அன்று முதல் அமெரிக்க வேரின் மீதே நிற்கின்றன.

வென்டி குடும்பம் கொடியை நட்டு எட்டு ஆண்டுகளே கழிந்த நிலையில் பெருஞ்சோதனை வந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பல தோட்டக்காரர்கள் மென்மையான வெள்ளைத் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கி எறிந்தனர்; வீட்டில் மது செய்வோர்க்கு இரயிலில் அனுப்பினாலும் நசுங்காத தடித்த தோலுடைய சிவப்புத் திராட்சையை நட்டனர். வென்டி குடும்பம், தேவாலய வழிபாட்டிற்கென்று சட்டம் இசைந்த மதுவைச் செய்து காலம் தள்ளியது. தன் ஷார்டனேக் கொடிகளைக் கைவிடவில்லை. எர்னஸ்ட் வென்டி ஆண்டுதோறும் தோட்டத்தில் நடந்து, நன்கு காய்க்கும் கொடிகளை அடையாளமிட்டு, அவற்றிலிருந்தே புதுத் தண்டுகளை எடுத்து நட்டார்.

பதின்மூன்று ஆண்டுகள் வருவாய் தராத பயிர் ஒன்றைக் காப்பது கணக்குப் புத்தகம் ஏற்காத செயல். ஆண்டு முடிவில் இலாபத்தைப் பங்கிட வேண்டிய நிறுவனம் அக்கொடிகளை அன்றே வெட்டியிருக்கக்கூடும். தந்தை நட்டதை மகன் காப்பதும், மகன் காத்ததைப் பேரன் பெருக்குவதும் குடும்பத் தொழிலின் வலிமையாகும். மதுவிலக்கு நீங்கியபின், 1936ஆம் ஆண்டு ஷார்டனே என்ற பெயரையே சீட்டில் பொறித்து அக்குடும்பம் மதுவை வெளியிட்டது. அமெரிக்காவில் அவ்வாறு வெளிவந்தவற்றுள் அதுவே முதலாவது என்பர். அத்தோட்டத்துத் தண்டுகள் மற்றத் தோட்டங்களுக்கும் சென்றன. கலிபோர்னியாவில் பின்னர் நடப்பட்ட ஷார்டனேக் கொடிகளுள் பெரும்பகுதி வென்டி கொடியின் வழித்தோன்றல்களே. ஐந்து தலைமுறைகளாக அக்குடும்பம் அத்தொழிலில் நிலைத்து வந்துள்ளது.

ஹான்செல் குன்றில் நடந்த சோதனை

கொடி வந்துவிட்டது, கலம் வரவில்லை. 1950ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியர் பெரும்பாலும் பழைய பெருந்தொட்டிகளிலேயே மதுவைத் தேக்கி வந்தனர். காகிதத் தொழிலதிபரும், பின்னாளில் இத்தாலிக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றியவருமான ஜேம்ஸ் செல்லர்பாக், பர்கண்டி மதுவின்பால் பெரும் ஈடுபாடு கொண்டவர். அவர் சோனோமா மாவட்டத்துக் குன்று ஒன்றில் 1953ஆம் ஆண்டு கொடிகளை நட்டார்; தம் துணைவி ஹானாவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து, அத்தோட்டத்திற்கு ஹான்செல் என்று பெயரிட்டார். 1957ஆம் ஆண்டு அங்கு முதல் அறுவடை நடந்தது.

செல்லர்பாக் பர்கண்டியிலிருந்து சிறிய ஓக் பீப்பாய்களை வரவழைத்தார். அவரிடம் பணியாற்றிய பிராட் வெப் என்னும் வல்லுநர், புளிப்பை மென்மையாக்கும் நுண்ணுயிரை ஆய்வகத்தில் பேணி, வேண்டும்போது ஏவும் முறையைக் கண்டார். பர்கண்டியில் தலைமுறைப் பழக்கத்தால் நடந்தது, ஹான்செலில் அறிவியலால் நடந்தது. கலிபோர்னியப் பழம், பிரெஞ்சுப் பீப்பாய், ஆய்வகத்து நுண்ணுயிர் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் ஓக் மணமும் கொழுமையும் கொண்ட அமெரிக்க ஷார்டனே உருப்பெற்றது.

பெயரை மறைத்த பெருந்தேர்வு

கலிபோர்னிய மது எவ்வளவு நன்றாயினும், அது பிரான்சின் மதுவுக்கு இணையாகாது என்பதே உலகின் எண்ணமாக இருந்தது. பாரிஸ் நகரில் மதுக்கடையும் மதுக்கல்விப் பள்ளியும் நடத்திய ஆங்கிலேயரான ஸ்டீவன் ஸ்பரியர், தம்முடன் பணியாற்றிய பட்ரீசியா கலகரின் துணையுடன் 1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் ஒரு சுவைத்தேர்வை நடத்தினார். அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டையொட்டி அது அமைந்தது. பிரான்சின் சிறந்த நடுவர் ஒன்பதின்மர் அழைக்கப்பட்டனர். உணவகத்தாரும் தோட்ட உரிமையாளரும் மதுத்துறை அதிகாரியும் இதழாசிரியரும் அவருள் இருந்தனர். கலிபோர்னிய ஷார்டனே ஆறும் பர்கண்டி ஷார்டனே நான்கும் சீட்டு மறைக்கப்பட்டு வைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளிகள்.

செய்தியாளர்களுள் வந்திருந்தவர் டைம் இதழின் ஜார்ஜ் டேபர் ஒருவரே. எந்தக் கோப்பையில் எது உள்ளது என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. நடுவர் ஒருவர் கலிபோர்னிய மதுவைச் சுவைத்துவிட்டுப் பிரான்சுக்கே மீண்டுவிட்டதாக மகிழ்ந்ததையும், பர்கண்டியின் புகழ்பெற்ற மதுவை மணமற்ற கலிபோர்னிய மது என்று இன்னொருவர் ஒதுக்கியதையும் அவர் உலகிற்கு அறிவித்தார்.

புள்ளிகளைக் கூட்டியபோது, 132 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் ஷாட்டோ மான்டலீனா 1973. மெர்சோ ஊரின் ரூலோ குடும்பத்து மது 126.5 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. மூன்றாம், நான்காம் இடங்களும் கலிபோர்னியாவுக்கே சென்றன. சிவப்பு மதுப் பிரிவிலும் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் முதலிடம் பெற்றது.

மான்டலீனாவின் வெற்றியிலும் இருவேறு கைகள் இருந்தன. உரிமையாளர் ஜிம் பாரெட் 1972ஆம் ஆண்டு அத்தோட்டத்தை மீண்டும் உயிர்ப்பித்த வழக்குரைஞர். மதுவைச் செய்தவர் மைக் கிர்கிச். குரோவேசியாவின் தெஸ்னே என்னும் சிற்றூரில், திராட்சை வளர்க்கும் ஏழைக் குடும்பத்தின் பதினோராவது பிள்ளையாக 1923ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1954ஆம் ஆண்டு யூகோசுலாவியாவை விட்டு நீங்கி, செருமனியிலும் கனடாவிலும் பாடுபட்டு, 1958ஆம் ஆண்டு நாப்பா பள்ளத்தாக்கை அடைந்தார். சிறுவயதில் காலால் திராட்சை மிதித்த அவர், 1977ஆம் ஆண்டு தம் பெயரிலேயே தோட்ட நிறுவனம் கண்டு, 2023ஆம் ஆண்டு நூறாம் வயதில் மறைந்தார். வென்ற மதுவின் புட்டி ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இத்தீர்ப்பை மிகைப்படுத்தலும் ஆகாது. அது ஒன்பதின்மர் ஒரு நாளில் வழங்கிய தீர்ப்பு. புள்ளி வேறுபாடுகளும் பல இடங்களில் சிறியன. பிரெஞ்சு மது முதிர்ந்தபின்பே தன் சிறப்பைக் காட்டும் என்று மறுத்தோரும் உளர். ஆயினும் சீட்டு மறைக்கப்பட்டால் நாவு வேறு தீர்ப்புக் கூறும் என்ற உண்மையை எவராலும் மறுக்க இயலவில்லை.

மிகையும் திருத்தமும்

பாரிஸில் வென்ற மான்டலீனா மது, வெண்ணெயும் ஓக்கும் மிகுந்ததன்று. கிர்கிச் பழத்தின் புளிப்பை மாற்றும் நுண்ணுயிரை அதில் புகவிடவில்லை. ஓக்கையும் அடக்கமாகவே கையாண்டார். எனினும் வெற்றிக்குப் பின் எழுந்த பெருந்தேவை வேறு திசையில் சென்றது. ஷார்டனேயைக் கேட்டோர் கொழுமையையும் வெனிலா மணத்தையும் மேலும் மேலும் நாடினர். 1980, 1990ஆம் ஆண்டுகளில் புதுப் பீப்பாயின் மணம் விலைமதிப்பின் அடையாளமாயிற்று. பீப்பாய் வாங்க இயலாதோர் ஓக் சீவல்களைத் தொட்டியிலிட்டு ஊறவைத்தனர். 1960ஆம் ஆண்டளவில் மிகச் சிறிதாயிருந்த கலிபோர்னிய ஷார்டனே பரப்பு, 2000ஆம் ஆண்டளவில் 90,000 ஏக்கரைத் தாண்டியது.

மிகுந்தது திகட்டியது. ஷார்டனே தவிர வேறெதுவாயினும் தருக என்று கேட்பது 1990ஆம் ஆண்டுகளில் ஒரு நாகரிகமாகவே ஆயிற்று. குற்றம் கொடியினுடையதன்று, கலத்தை முன்னிறுத்திப் பழத்தை மறந்தோருடையது. பின்னர்ப் பலரும் பழைய பீப்பாய்களைக் கலந்து பயன்படுத்தியும், முன்னதாகவே அறுவடை செய்தும் சமநிலையைத் தேடலாயினர். கொழுமையையும் ஓக் மணத்தையும் விடாது, புளிப்பின் உயிர்ப்பையும் காத்த குடும்பத் தோட்டங்கள் மதிப்பிழக்கவில்லை.

முடிவுரை

ஒரு கோப்பை ஷார்டனேயில் காணப்படுவன யாவை? இகழப்பட்ட கூவே கொடியின் குருதி, போர்க்கப்பலுக்கென்று பேணிய காட்டின் மரம், தச்சரின் தீ, ஆய்வகத்து நுண்ணுயிர், மதுவிலக்குக் காலத்திலும் கொடியை வெட்டாத ஒரு குடும்பத்தின் உறுதி, ஏழைக் குடியேறியின் கைத்திறன். இவற்றுள் எதுவும் சீட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை.

ஆசிரியர்க்கு இவ்வரலாறு தனிப்பொருள் உடையது. விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண்ணை எழுதச் செய்யும் வழக்கம், பாரிஸில் சீட்டை மறைத்த செயலுக்கு ஒப்பானது. பெரிய பள்ளியின் பிள்ளை, சிறிய பள்ளியின் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை என்ற சீட்டுகளை நீக்கிப் பார்க்கும்போது, யாரிடம் எத்திறன் உள்ளது என்பது வெளிப்படும். பிரான்சின் ஒன்பது வல்லுநர்களே சீட்டுகளால் கட்டுண்டிருந்தனர் என்றால், மற்றவர்க்கு எச்சரிக்கை எவ்வளவு தேவை என்பது விளங்கும். ஓக் பலகை மூன்றாண்டு மழையில் நனைந்த பின்பே துவர்ப்பு நீங்குகின்றது. கொடி பல ஆண்டு காத்திருந்த பின்பே உரிய கனியைத் தருகின்றது. கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் அப்பொறுமையே வேண்டப்படுவது.